தேசியப் பின்கதவு

வீட்டில் ஒருவர் செத்துப்போனால் அழுது முடித்ததும் அவரை நிம்மதியாக விட்டுவிடுவார்கள். அரசுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எட்டுமணிக்காரர் கண்ணை மூடிய அன்றே, அவரை எப்படியெல்லாம் நினைப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார், காருக்கு ஓர் ஓட்டுநர், அந்த ஓட்டுநர் பெட்ரோலைத் திருடாமல் பார்த்துக்கொள்ள ஒரு துணைக் குழு. துக்கம் என்று வந்துவிட்டால் குறை வைக்கக் கூடாது பாருங்கள்.

எட்டுமணிக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தினமும் எட்டு மணிச் செய்தி வாசித்தார், ஆகவே எட்டுமணிக்காரர். அவர் மழை வரும் என்றால் கொளுத்துகிற வெயிலில் குடையோடு போனார்கள். அவர் சொல்லாமல் மழை வந்துவிட்டால், தெப்பமாக நனைந்தபடி நின்று, இது மழைதானா என்று பக்கத்து ஆளைக் கேட்டார்கள். அப்படி ஒரு நம்பிக்கை அந்தக் குரலின் மேல்.

வெளியில் இப்படி. வீட்டில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டி நிறையாது. தொண்டை கெட்டுவிடும் என்ற பயம். வெந்நீர் வேண்டும் என்றால் விரலைத் தூக்குவார். போதும் என்றால் கையைக் கவிழ்ப்பார். கோபம் வந்தால் பேப்பரை மடிப்பார். தன் புருஷன் குரலைக் கேட்க வேண்டும் என்றால் அவர் மனைவியும் நம்மைப் போலத்தான், எட்டு மணிக்கு டி.வி.யைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

இந்தக் கதை அந்த அம்மாளின் தம்பியைப் பற்றியது. பிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றுவான், கம்ப்ரசர் மாற்றுவான், ஏ.சி. பார்ப்பான். பிரிட்ஜ்காரன் என்றுதான் தெருவில் பெயர். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் போனபிறகு அவளுக்காக ஓட இவன் ஒருவன்தான், இவனும் விவரம் பத்தாத ஆள். அதிகாரி ஒருவர் "பார்க்கலாம்" என்று சொன்னால், பார்ப்பார் என்று நம்புகிற ரகம்.

நாடே கொண்டாடிய அந்த வரி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பின்கதவைத் தாழ் போட மறக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒரு நாள் அத்தான் நிலையத்தில் இருந்தபோது எவனோ பின்பக்கமாக நுழைந்து, அடுப்பில் இருந்த பானையைச் சாப்பாட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா அப்போது முன்னறையில் அத்தான் வாசிக்கிற செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து அவருக்கு உள்ளூர ஓர் உதைப்பு. மறுநாள் வீட்டுத் தொலைபேசி வேறு செத்துக் கிடந்தது. நிதி, அயல்நாடு, விளையாட்டு, வானிலை எல்லாம் வாசித்து முடித்தவர், தாளிலிருந்து தலையைத் தூக்கி, "பின்கதவைத் தாழ் போட்டாச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வணக்கம் சொல்லித் தாள்களை அடுக்கினார்.

நாடு முழுக்க எழுந்து போய்ப் பின்கதவைப் பார்த்தது. பின்கதவே இல்லாதவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். அமைச்சர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்த வாய், முதல்முறையாக நம்மைப் பார்த்து நாலு வார்த்தை விசாரித்துவிட்டதே என்று ஜனங்களுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நிலையத்துக்குக் குளிரவில்லை. அனுமதி பெறாத வாக்கியம் என்று விளக்கம் கேட்டார்கள். அதற்குள் அமைச்சரின் மாமியாருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனதாகத் தகவல் வந்தது. விளக்கம் கேட்டவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, அந்த வரியைத் தினமும் சொல்லும்படி உத்தரவு போட்டார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் செய்தி முடியும்போது அத்தான் கேட்பார். அக்கா நாற்காலியில் இருந்தபடியே "போட்டாச்சு" என்பாள். சொல்லிவிட்டுத்தான் எழுந்து போய்ப் போடுவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த பேச்சு என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவர் போனபின் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. தாழ் போட்டோமா என்று எழுந்து போய்ப் பார்ப்பாள். போட்டிருக்கும். வந்து படுப்பாள், மறுபடி எழுவாள். கண் இரண்டும் குழி விழுந்து, ஆளே பாதியாகிவிட்டாள்.

"டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருடா. மாத்திரை வந்து கதவைப் போட்டாச்சான்னு கேக்குமா?" என்றாள் தம்பியிடம். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு கேக்குற அந்த ஒரு வரி போதும். நிலையத்துல டேப் டேப்பா வெச்சிருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்து குடு. எட்டு மணிக்கு ஒருதரம் கேட்டுட்டு, பதில் சொல்லிட்டு, போய்ப் போட்டுட்டுப் படுத்துடுவேன்."

பிரிட்ஜ்காரன் முதலில் தெரிந்தவர்கள் வீடுகளில்தான் கேட்டுப் பார்த்தான். சினிமாவைப் பதிவு செய்து வைத்தவன் இருந்தான், மகள் கல்யாணத்தைப் பதிவு செய்தவன் இருந்தான். செய்தியை எவன் பதிவு செய்வான்? அதுதான் நாளைக்கும் வருமே. ஆகவே அவன் நிலையத்துக்குப் போனான். நினைவுக் குழுச் செயலர் அவன் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நிச்சயமா பண்ணலாம். மொதல்ல அஞ்சலிக் கூட்டம் முடியட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அஞ்சலிக் கூட்டத்தில் அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நிலைய இயக்குநர் கைக்குட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அவர் எங்களுக்கு வெறும் வாசிப்பாளர் அல்ல. நாங்கள் எதை எழுதிக் கொடுத்தாலும், அவர் வாசித்தால் மக்கள் நம்பினார்கள். ரொட்டி விலை குறைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தோம். அவர் வாசித்தார். மக்கள் கடைக்குப் போய், கூடுதல் விலையைக் கொடுத்துவிட்டு, விலை குறைந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். அத்தகைய குரல் இனி எங்கே கிடைக்கும்? இனிமேல் நாங்கள் எழுதுவதை யார் நம்புவார்கள்? இதை நினைத்தால் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை."

அரங்கமே மூக்கைச் சிந்தியது. கூட்ட முடிவில் அக்காவுக்கு எட்டுமணிக்காரரின் முழுவண்ணப் படம் ஒன்றைப் பரிசளித்தார்கள். பலகையில் ஒட்டிய படம். அவ்வளவு பெரிய படத்தை அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை என்று செயலர் பெருமையோடு அறிவித்தார். உண்மைதான். லாரியில் வந்து இறங்கியது. முன்கதவுக்குள் நுழையவில்லை, பின்கதவுக்குள்ளும் நுழையவில்லை. கடைசியில் பின்பக்கச் சுவரில் சாத்தி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினான் பிரிட்ஜ்காரன்.

அக்கா விடவில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு செயலரைப் பார்க்கப் போனாள். அந்த வரி தனக்காகச் சொன்னது, தன் மறதிக்காகச் சொன்னது, ஆகவே அதில் ஒரு பிரதி தனக்குத் தந்தால் தேவலை என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள். செயலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இதைக் குழு பேசி முடிவு பண்ணியாச்சு. அந்தக் கேள்வி தேசத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி."

"என்னைப் பார்த்துத்தாங்க கேட்டாரு. பானை போயிடுச்சுல்ல, அதனால."

"பானைங்கிறது ஒரு குறியீடும்மா."

"அலுமினியப் பானைங்க."

செயலர் இரக்கத்தோடு சிரித்தார். "நீங்க அவருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துட்டீங்க. அதான் சரியாத் தெரியல. பரவாயில்ல, அவரு கேட்டதும் நீங்க வீட்டுல என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க."

அக்கா வெள்ளந்தியாகச் சொன்னாள். "போட்டாச்சுன்னு சொல்லுவேன்."

செயலர் பேனாவை எடுத்தார். அதிலிருந்து எல்லாக் கூட்டங்களிலும், பேசுகிறவர் கடைசியில் பின்கதவைத் தாழ் போட்டாச்சா என்று கேட்க வேண்டும், கூட்டம் எழுந்து நின்று ஒரே குரலில் "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. பள்ளிக்கூடங்களில் காலையில் பிள்ளைகள் சொன்னார்கள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட எவனாவது "போட்டாச்சு" என்றான். அக்காவிடம் அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு சொல், அதுவும் கைவிட்டுப் போயிற்று.

கூட்டங்கள் பெருகின. ஒரு துறை நடத்தினால் அடுத்த துறைக்குச் சும்மா இருக்க முடியுமா? எல்லைக் காவல் அமைச்சர் தம் துறைக் கூட்டத்தில் முழங்கினார்.

"பின்கதவு என்று அவர் சொன்னது நம் எல்லையைத்தான். எல்லையில் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். இருந்த வேலிக் கம்பி என் தம்பியின் கோழிப் பண்ணைக்குப் போய்விட்டது என்றும் சொல்கிறார்கள். கோழிகளும் இந்த நாட்டுக் கோழிகள்தான் என்பதை மறந்துவிட்டார்கள். போட்டாச்சு என்று நாம் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும் வரை எந்தப் பகைவன் உள்ளே வருவான்?"

திவாலான அரசு வங்கியின் தலைவர் இன்னும் உருக்கமாகப் பேசினார். "பணம் போட்ட மக்கள் முன்கதவில் வரிசையாக நின்றபோது நிர்வாகம் பின்கதவு வழியாக வெளியேறியது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் போகும்போது தாழ் போட்டுவிட்டுத்தான் போனோம். அது எட்டுமணிக்காரர் எங்களுக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம்."

ஒவ்வொரு கூட்டத்திலும் பிரிட்ஜ்காரனை, மறைந்தவரின் மைத்துனர் என்று மேடைக்கு அழைத்தார்கள். ஒவ்வொரு மேடையிலும் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றேயொன்றைத்தான் சொன்னான். "எங்க அக்காவுக்கு அத்தான் குரல் வேணுங்க. ஒரு டேப் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்." உடனே கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். மறுநாள் செய்தியில், 'அந்தக் குரல் வேண்டும் என்று மைத்துனர் உருக்கம்' என்று வாசிப்பார்கள். டேப்தான் வந்தபாடில்லை. நடையாய் நடந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நிலையத்துக்குள் அவனை வரவேற்பறை தாண்டி விட்டதில்லை. மைத்துனருக்கு அனுமதிச் சீட்டு தர விதி இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் டேப் அறை ஏ.சி. கெட்டுப்போனது. ஏ.சி. பார்க்க ஆள் தேடி வந்த பியூனுக்கு இவன் யார் என்று தெரியாது. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவனைக் காவலாளி சலாம் போட்டு உள்ளே விட்டான்.

டேப் அறைக்காரர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஏ.சி. ஓடாத அறையிலும் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். பழக்கம்.

"அண்ணே, எட்டுமணிக்காரரு டேப்பெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டான் பிரிட்ஜ்காரன், ஏ.சி. மூடியைக் கழற்றியபடி.

"இந்த அலமாரி பூரா அவருதான். அந்தச் சுவரும் அவருதான்."

பிரிட்ஜ்காரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்டூலில் இருந்து இறங்கி அலமாரி அருகே போனான். வரிசை வரிசையாக டேப்புகள். முதுகில் ஒட்டியிருந்த பழைய சீட்டுகளின் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. எல்லைக் காவல் துறை அஞ்சலி. வங்கி அஞ்சலி. மீன்வளத் துறை அஞ்சலி. மீன்வளத் துறை அஞ்சலி, இரண்டாம் பாகம்.

"இது கூட்டம்ல அண்ணே?"

"ஆமாப்பா, அவரைப் பத்தின கூட்டம்."

"அப்ப அவரு?"

"அவரு மேலதான் இதை எடுத்திருக்கோம்."

பிரிட்ஜ்காரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டேப் அறைக்காரர் பொறுமையாக விளக்கினார். கூட்டங்களைப் பதிவு செய்ய டேப் வேண்டும். புது டேப் வாங்கும் நிதியைக் குழுத் தலைவரின் காருக்கு எடுத்துக்கொண்டார்கள். இருக்கிற டேப்பை அழித்துத்தான் எடுக்க முடியும்.

"அதுக்கு வேற யாரோட டேப்பையாச்சும் எடுக்கக் கூடாதா? காலைச் செய்தி, விவசாய நிகழ்ச்சி, எவ்வளவோ இருக்குமே."

டேப் அறைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதெப்படிப்பா? அவரோட அஞ்சலியைக் கொண்டுபோய் காலை வாசிப்பாளர் டேப்புல எடுக்கிறதா? அவமரியாதையா இருக்காது? அவரோட அஞ்சலிக்கு அவரோட டேப்தான்னு குழுவுல தீர்மானம் போட்டிருக்காங்க. எந்திரிச்சு நின்னு நிறைவேத்தினாங்க. நான்கூடக் கண் கலங்கிட்டேன்."

"சரி, இந்தக் கூட்டத்தையெல்லாம் அழிச்சாலும் அவரு திரும்ப..."

"அழிஞ்சது அழிஞ்சதுதான். அதுவும்போக, அதிகாரிங்க பேச்சை அழிக்கக் கூடாது. அது நிரந்தரப் பாதுகாப்பு. செய்தி அப்படியில்ல, மறுநாளே பழசு."

பிரிட்ஜ்காரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஒன்றுகூடவா மிச்சமில்லை என்று கேட்டபோது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. டேப் அறைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு டேப் இருந்தது. எட்டுமணிக்காரர் கடைசியாக வாசித்த செய்தி. மேலே புதுச் சீட்டு இல்லை.

"இதை மட்டும் இயக்குநர் ஐயா பத்திரமா எடுத்து வெக்கச் சொல்லியிருக்காரு. அவரு சொல்லாம வெளிய போகாது."

அந்த டேப்பைக் கருவிப் பையில் போட்டு, மேலே இரண்டு ஸ்பேனரை வைத்து மூடிக்கொண்டு அவன் பேசாமல் வெளியே வந்திருக்கலாம். காவலாளி மறுபடியும் சலாம்தான் போட்டிருப்பான். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பிரிட்ஜ்காரன் புத்தி அவ்வளவு தூரம் போகவில்லை. இயக்குநரே பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறார் என்றால் நல்ல மனிதர், முறையாகக் கேட்டால் தருவார் என்று நினைத்தான், பாவம். ஏ.சி.யைச் சரி செய்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனான்.

இயக்குநருக்கு அப்போது வேறு கவலை. எட்டுமணிக்காரருக்கு நினைவகம் கட்டி முடித்துவிட்டார்கள். பளிங்குத் தரை, கண்ணாடிக் கூரை, நுழைவுச் சீட்டு அறை எல்லாம் தயார். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. அவர் வெந்நீர் குடித்த பிளாஸ்கையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

"வாங்க, வாங்க" என்று அவனை உட்காரச் சொன்னார் இயக்குநர். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "டேப்தானே, தந்துடலாம். நினைவகத் திறப்பு விழாவுல, மேடையில வெச்சே உங்க அக்கா கையில குடுக்கிறோம். பதிலுக்கு நீங்க ஒரு சின்ன உபகாரம் பண்ணணும்."

"சொல்லுங்க ஐயா."

"அந்தப் பின்கதவு."

"எந்தப் பின்கதவு?"

"அதாம்ப்பா, தேசமே பேசுற கதவு. உங்க அக்கா வீட்டுல சும்மாதானே இருக்கு?"

பிரிட்ஜ்காரன் பேந்தப் பேந்த விழித்தான். கதவைக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டான். புதுக் கதவு வரும், அரசாங்கச் செலவில் நல்ல மரத்தில் வரும் என்றார் இயக்குநர். "உங்க அக்கா அது குறியீடு இல்ல, அவங்க வீட்டுக் கதவுதான்னு சொன்னாங்களாம். குழு மறுபடி யோசிச்சுது. அவங்க சொல்றதுதான் சரி, கதவுதான். அதனாலதான் கேக்குறோம்."

அக்கா நெடுநேரம் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலிலும் மழையிலும் சாயம் போன கதவு. தாழ்ப்பாள் பிடியில் கை பட்டுப் பட்டு வழவழப்பாகி இருந்தது.

"கதவு வேற வந்துடும்ல?" என்றாள்.

"வந்துடும்னாருக்கா. அவரே வாயால சொன்னாரு."

"அப்ப எடுத்துட்டுப் போகட்டும். குரல் வேற வராதுல்ல."

கதவை எடுக்க ஒரு பட்டாளமே வந்தது. பேண்டு வாத்தியம் வேறு. தச்சர் கீல் திருகைக் கழற்றப் போனபோது செயலர் தடுத்தார். கதவு தாழ் போட்ட நிலையில்தான் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் மறைந்தவரின் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னதாக ஆகிவிடும் என்றார். தாழ்ப்பாளை ஒருமுறை திறந்து எடுத்துக்கொண்டு போய், அங்கே மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்றார் தச்சர். செயலர் அவரை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவரைப் போலப் பார்த்தார். ஆக, தாழ் போட்டபடியே, நிலையோடு சேர்த்து, சுற்றியிருந்த செங்கல்லையும் இடித்துப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுவரில் ஒரு பெரிய ஓட்டை மிச்சமானது. பிரிட்ஜ்காரன் அன்றைக்குக் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தான். வெளிச்சுவரில் சாத்தியிருந்த அத்தானின் பெரிய படத்தை நகர்த்தி, முகம் வீட்டுக்குள் பார்க்கும்படி ஓட்டைக்குக் குறுக்கே நிறுத்தினான். ஓட்டையைவிடப் படம் பெரியது. ஆகவே உள்ளிருந்து பார்த்தால் மூக்குக்குக் கீழே தொடங்கிக் கழுத்துப் பட்டை வரைக்கும்தான் தெரிந்தது. நடுவில் அத்தானின் மூடிய வாய்.

திறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் அக்கா வீட்டுக் கதவு விளக்கொளியில் நின்றது. இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த காவலர்கள். அமைச்சர் ரிப்பனை வெட்டிவிட்டு, இனி இந்த நாட்டில் எந்தக் கதவும் திறந்து கிடக்காது என்றார். அக்காவை மேடைக்கு அழைத்து, ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். கேமரா வெளிச்சத்தில் அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். கீழே இறங்கும்போது, பெட்டி ரொம்ப லேசாக இருக்கிறதே என்று தம்பியிடம் சொன்னாள். பிரித்தார்கள். காலி.

செயலர் ஓடி வந்தார். "பதறாதீங்கம்மா. இது அடையாளத்துக்கு. டேப் மெஷினுக்குள்ள இருக்கு."

"மெஷினுக்குள்ள ஏன் இருக்கு?" என்றான் பிரிட்ஜ்காரன்.

"இந்த விழாவைப் பதிவு பண்றோம்ல? அவரோட நினைவகத் திறப்பு விழா. அவரோட கடைசி டேப்புலதான் எடுக்கணும்னு இயக்குநர் ஐயா அன்னைக்கே பத்திரமா எடுத்து வெக்கச் சொல்லிட்டாரு. எவ்வளவு பொருத்தம் பாருங்க. முடிஞ்சதும் வீட்டுக்கே அனுப்பி வெக்கிறோம்."

மேடையில் அமைச்சர் பின்கதவைத் தாழ் போட்டாச்சா என்று கேட்டார். எல்லாரும் எழுந்து நின்று போட்டாச்சு என்றார்கள். பிரிட்ஜ்காரன் அழுதுகொண்டே மெஷின் இருக்கும் வண்டியைத் தேடி ஓடினான். காவலாளி அவனை மடக்கி, அனுமதிச் சீட்டு கேட்டான். அன்றைக்கு அவன் தோளில் சிலிண்டர் இல்லை.

டேப்பின் பிரதி, வீட்டில் ஓடும் கேசட்டாக, சொன்னபடியே வந்து சேர்ந்தது. புதுக் கதவு வரவில்லை. போய்க் கேட்டதற்கு, ஒரு வீட்டுக்கு ஒரு பின்கதவுதான் அனுமதி, உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது நினைவகத்தில் இருக்கிறது என்றார்கள். வேண்டுமானால் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்கள்.

பிரிட்ஜ்காரன் வாடிக்கையாளர் ஒருவரிடம் வி.சி.ஆர். இரவல் வாங்கி வந்தான். அவனுக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. அத்தான் அந்த வரியைச் சொல்வது செய்தியின் கடைசியில். விழா சீக்கிரம் முடிந்திருந்தால், டேப்பின் கடைசிப் பகுதியில் அவர் அழியாமல் இருக்கலாம் அல்லவா? இதை அக்காவிடம் சொன்னான். அவள் முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மணிக்குப் போட்டார்கள்.

அமைச்சர் பேசினார். இயக்குநர் பேசினார். எட்டுமணிக்காரரின் இழப்பை ஈடுகட்ட எட்டு மணிச் செய்தியையே நிறுத்திவிட்டு, அந்நேரத்தில் பின்கதவை நேரலையில் காட்டப்போவதாக அறிவித்தார். எதையும் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்பதால் நிலையத்துக்கு இது பெரிய ஆறுதல் என்றார். அக்கா காலிப் பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்பது வந்தது. அப்புறம் செயலர் நன்றி சொல்ல எழுந்தார்.

"முடிச்சுடுவாருக்கா. நன்றிதானே" என்றான் பிரிட்ஜ்காரன்.

செயலர் அமைச்சருக்கு நன்றி சொன்னார். அமைச்சரின் மாமியாருக்கு நன்றி சொன்னார். குழுவுக்கும் துணைக் குழுவுக்கும், கதவைச் சுமந்தவர்களுக்கும், பேண்டு வாத்தியத்துக்கும், ஒத்துழைத்த வானிலைக்கும் சொன்னார். பிரிட்ஜ்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்தான். நாற்காலிகளை வாடகைக்குத் தந்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது செயலரின் முகம் நெளிந்தது. கோடு கோடாக ஓடியது. அவர் மறைந்தார்.

அத்தான் வந்தார். அதே மேசை, அதே கோட்டு. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

அத்தான் தலையைக் குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலும் கீழும் தட்டிச் சமன் செய்தார். ஓரங்களைச் சரி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வாய் திறக்கவில்லை. பின்னால் இருந்த விளக்கு அணைந்தது, பிறகு முன்னால் இருந்த விளக்கும் அணைந்தது. டேப் முடிந்து, டி.வி. வெறும் இரைச்சலாக இரைந்தது.

பிரிட்ஜ்காரனுக்கு அக்கா பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அந்த நன்றியுரையில் நாற்காலிக்காரரை விட்டிருந்தால் போதும், வானிலையை விட்டிருந்தால் போதும்.

"அக்கா" என்றான்.

"தாளை அடுக்குறாரு பார்த்தியா?" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப கேட்டு முடிச்சுட்டாருடா. எனக்குத்தான் காதுல விழல."

பிறகு, "போட்டாச்சு" என்றாள் டி.வி.யிடம். சொல்லிவிட்டு, எப்போதும் போல, போடுவதற்காக எழுந்து பின்பக்கம் போனாள்.

பிரிட்ஜ்காரன் தடுக்க எழுந்தான், எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பின்பக்கம் விளக்கு இல்லை. இடிந்த செங்கல் விளிம்பில் அவள் கை தடவுகிற சத்தம் கேட்டது, பிறகு பலகைப் படத்தின் மேல் தடவுகிற சத்தம். தாழ்ப்பாள் இருந்த உயரத்தில், அத்தானின் மூடிய வாய்மேல், அந்தக் கை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தது.